சூரியப் புயலுக்குக் குடை பிடித்த அம்மையாருக்கு

கதிரவன் கண் சிவந்தால் கம்பிகள் கொதிக்கும் என்று காலத்தே கண்டு சொன்ன கட்டுப்பாட்டு அறையின் காவலரே! ஊர் உறங்க, உலை கொதிக்க, ஓயாமல் மின்சாரம் ஓட, விண்ணையும் விளக்கையும் விழித்திருந்து காத்த எங்கள் தலைமைப் பொறியாளர் அம்மையீரே! பணிநிறைவு பெறும் தங்களைப் பாராட்ட வந்திருக்கிறோம். வாய் வாழ்த்துகிறது, கண்ணோ எச்சரிக்கைத் தொலைபேசியையே பார்க்கிறது. அதை மறைத்து மடல் எழுத எங்களுக்குத் தெரியவில்லை.

மழைப் புயலுக்கு மாநாடு கூட்டும் அரசு, சூரியனில் எழும் புயலுக்கும் ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தாங்கள் மன்றாடிய நாளில் சிரிக்காத அதிகாரி இல்லை. அங்கே வெடிப்பது இங்கே பூமியின் காந்தத்தை உலுக்கி, நெடுந்தொலைவுக் கம்பிகளில் கள்ள மின்னோட்டமாய் நுழைந்து, மின்மாற்றிகளை உள்ளிருந்தே வேகவைக்கும். ஒன்று வெந்தால் மாற்று வந்து சேர மாதக்கணக்காகும். அதுவரை மருத்துவமனைக்கும் குடிநீருக்கும் என்ன வழி என்று கேட்டீர்கள். "கண் கெட்ட பிறகா சூரிய நமஸ்காரம் பண்ணப் போறீங்க?" என்றும் கேட்டீர்கள். அதன் பிறகுதான் சிரிப்பு அடங்கியது. எச்சரிக்கை வந்தால் பெரிய மின்மாற்றிகளைச் சற்று நேரம் நிறுத்தி வைக்கும் அதிகாரம் இந்த அறைக்கு வந்தது.

அதிகாரம் வந்த கையோடு அவப்பெயரும் வந்தது. முதல் எச்சரிக்கைக்கே ஊரை இருளாக்கினீர்கள். புயலோ பூமியை உரசாமல் விலகிப் போயிற்று. மறுநாள் தலைமையகத்திலிருந்து, "வெயிலுக்குப் பயந்து வீட்டு விளக்கை அணைச்சீங்களாமே?" என்று கேலி. "ஆமாங்க. நாளைக்கு வந்தாலும் அணைப்பேன்" என்றீர்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது! அன்று முதல் கடைத்தெருவில் தாங்கள் 'குடையம்மா'. அதையே பட்டமாய்ச் சூடிக்கொண்டு, மழையில்லா நாளிலும் குடையோடு வேலைக்கு வந்த தங்கள் குறும்பை என்னென்போம்!

தாங்கள் மாதந்தோறும் நடத்திய ஒத்திகையை மறப்போமா? இணைப்பில்லாத தொலைபேசியை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, "நிறுத்துங்க, பொறுப்பு என்னுது" என்று உரக்கச் சொல்ல வைப்பீர்கள். விசையைத் தட்டக் கை வரும், பொறுப்பேற்க நாக்குதான் வராது என்பது தங்கள் கணிப்பு. எல்லாருக்கும் ஒருவழியாய் வந்துவிட்டது. துணைப் பொறியாளருக்கு மட்டும் வரவில்லை. பாவம், ஒவ்வொரு முறையும் வியர்த்துப்போய், "மேலிடத்தைக் கேட்டுச் சொல்றேனே" என்பார். "மேலிடத்துக்கும் மேல சூரியன் இருக்கானே தம்பி, அவன் யாரைக் கேட்டுட்டு வர்றான்?" என்பீர்கள். அறை சிரிக்கும், அவரும் சிரிப்பார், மறுமாதமும் அதையே சொல்வார்.

இன்று மாலையோடு தங்கள் உத்தரவுக்கு அதிகாரம் முடிகிறது. தங்கள் இடத்துக்கு ஆள் போடும் கோப்பு இன்னும் 'பரிசீலனையில்' கிடக்கிறது. சூரியனிலோ ஒரு பெரிய கரும்புள்ளி நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறது. வெடித்துவிட்டது என்ற எச்சரிக்கையும் வந்தாயிற்று. இனி இந்த அறைக்குப் பொறுப்பு துணைப் பொறியாளர். இந்த விழா மண்டபத்தில் இம்மடலைப் படிப்பவரும் அவரே. பாதியில் மேலிடத்தைக் கேட்கப் போனால் பொறுத்தருள்க!

அண்ணாந்து பார்த்து அஞ்சாமல், வெயிலில் வெறுமனே நடக்கும் நிம்மதியும், நோய்நொடி நெருங்காத நெடிய வாழ்வும் தங்களுக்கு வாய்க்கட்டும்!

என்றும் தங்கள் சொல்லுக்குக் காது கொடுக்கும்,
கட்டுப்பாட்டு அறைப் பணியாளர்கள்

மடலைக் கண்ணாடிச் சட்டம் போடக் கொடுக்கும் முன் சேர்த்த வரிகள்:

மடலின் பாதியில் தொலைபேசி மணி அடித்ததைத் தாங்களும் கேட்டீர்கள். அறையில் காவலிருந்தவர்கள் புயல் நெருங்கிவிட்டது என்றார்கள். துணைப் பொறியாளர் தங்களைப் பார்த்தார். தாங்களோ தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டீர்கள். அவர் தொலைபேசியில், "நிறுத்துங்க. பொறுப்பு என்னுது" என்றார். மண்டப விளக்கும் சேர்ந்து அணைந்தது. மீதி மடலைக் கைப்பேசி வெளிச்சத்தில் படித்தார். மேலிடத்தைக் கேட்கவே இல்லை.

இம்முறையும் புயல் விலகித்தான் போயிற்று. தலைமையகம் அவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறது. கரும்புள்ளி சூரியனின் மறுசுற்றில் திரும்பி வரும் என்கிறார்கள். கடைத்தெருவில் அவருக்குச் 'சின்னக்குடை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இன்று காலை துளி மழை இல்லை. அவர் குடையோடு வேலைக்கு வந்தார்.