மஞ்சள் காலுறை

இணையக் கடைகளை நான் ஒருநாளும் நம்பியதில்லை, ஐயா. அலுவலகத்தில் தகவல் பாதுகாப்பு என் பொறுப்பு. "கடவுச்சொல்லைக் கட்டின பெண்டாட்டிக்கும் சொல்லாதீங்க" என்று பாடம் எடுப்பேன். பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள், மேலாளர் மட்டும் கைதட்டுவார். அவருடைய கடவுச்சொல் கணினித் திரையிலேயே ஒட்டியிருக்கும்.

"எங்கப்பா சாவிக்கும் பூட்டுப் போடுவாரு" என்று என் மகள் கேலி செய்வாள்.

அவள் எனக்குப் பிடிக்காத ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். தொலைபேசி எண்ணையும் மாற்றிவிட்டாள். இனி இந்த வீட்டில் அவள் பேச்சே கூடாது என்றேன். மனைவி தலையாட்டினாள்.

ஆனால் குடும்பத்துக்கென்று நான் திறந்த இணையக் கடைக் கணக்கில், கூடைக்குள் சாமான்கள் மாறிக்கொண்டே இருந்தன. மனைவி ஒரு போர்வையைப் போடுவாள்: அங்கே குளிருதா? மறுநாள் போர்வை போய், மகள் போட்ட மூக்குக்கண்ணாடிக் கூடு வந்திருக்கும்: மறுபடியும் தொலைச்சிட்டியாம்மா? எதையும் வாங்குவதில்லை. என் கைபேசியில் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். ஓட்டையைக் கண்டவன் உடனே கத்தக் கூடாது.

ஒருநாள் காலையில் கூடையில் மஞ்சள் நிறத்தில் குழந்தைக் காலுறை. சமையலறையில் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லீங்க, வெங்காயம்."

அடுப்பில் பால்தான் இருந்தது.

அதை மட்டும் அவள் வாங்கினாள். விலாசத்தை மகள் சேர்த்தாள், வேறு பெயரில். நாலு பேர் முன்னால் நான் தலைநிமிர்ந்து நடக்க வேண்டாமா, ஐயா? ஓட்டையை அடைப்பதுதானே என் தொழில்.

பார்சல் வரவேண்டிய நாளில் முந்திக்கொண்டேன். தொப்பி, முகக்கவசம், கையில் அட்டைப்பெட்டி. மகள் கெட்டிக்காரி, கதவைத் திறக்கவில்லை.

"என்ன பார்சல்?"

குரலை மாற்றிக்கொண்டேன். "குழந்தைக் காலுறைம்மா. மஞ்சக் கலரு."

உள்ளே சிரிப்புக் கேட்டது. "எங்கம்மா அனுப்பினதுங்க" என்று சொல்லிக்கொண்டே தாழ்ப்பாளை விலக்கினாள்.

பெட்டியில் இருந்த கத்தி இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. "அப்பா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். நான் இறங்கும்போது நிஜமான பார்சல்காரர் ஏறிக்கொண்டிருந்தார். ஒதுங்கி வழிவிட்டேன்.

என் கைபேசியும் உங்களிடம்தான் இருக்கிறது, திறந்து பாருங்கள். மனைவி இன்னமும் கூடையில் போர்வையைப் போட்டுவைக்கிறாள். எடுத்துவிட ஆளில்லை. கடவுச்சொல்லை உடனே மாற்றச் சொல்லுங்கள், ஐயா. வெளி ஆள் யாராவது பார்த்துத் தொலைத்தால் குடும்பத்துக்கு ஆபத்து.