சீர் அண்டாவில் இருபத்து நாலு மணி நேரம்

இருந்தவர்கள் மூவர். வேலுசாமி: சங்ககிரியில் லாரி வைத்திருந்து ஓய்ந்தவர், எழுபத்தொரு வயது, வீட்டுக்குப் பெரியவர். பிரவீனா: அவருடைய மருமகள், நாமக்கல்லில் கோழித்தீவன ஆய்வகத்தில் வேலை. சடையன்: பங்காளி, காலை ஒன்பது மணிக்கு மேல் வந்தவர். வீட்டம்மாள் முத்தாயம்மாள் ராசிபுரத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். வேறு யாரும் இருந்ததாக எவராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பிரவீனா: மாமா, கையை உள்ள உடாதீங்க! அறுவத்தெட்டு டிகிரி!

வேலுசாமி: கொதிக்கவே இல்ல. ஒரு குமிழி கூடக் காணோம். இது வேகுதுன்னு எவன் நம்புவான்?

பிரவீனா: கொதிக்கக் கூடாதுங்க. அதான் இந்த முறையே. பையில கறியைப் போட்டு, காத்தை உறிஞ்சி ஒட்டியாச்சு. தண்ணி ஒரே சூட்டுல சுத்திக்கிட்டே இருக்கும். இருபத்து நாலு மணி நேரத்துல கறி தானாப் பஞ்சாட்டம் ஆயிரும்.

வேலுசாமி: உள்ள நிக்கற இந்த ஹீட்டர் குச்சியா சுத்த உடுது?

பிரவீனா: அதேதானுங்க. எங்க லேப்புலயும் தீவன சாம்பிளை இப்படித்தான் ஒரே சூட்டுத் தண்ணியில வெப்போம்.

வேலுசாமி: கோழித் தீவனமும் பன்னிக்கறியும் ஒண்ணா?

பிரவீனா: தண்ணிக்கு ஒண்ணுதானுங்க.

வேலுசாமி: ம்ம்... இன்னும் எவ்வளவு நேரம்?

பிரவீனா: இருபது நிமிசம். போன தடவை கேட்டப்ப இருபத்தி ரெண்டு.

வேலுசாமி: நான் ஆசையில கேக்கல. ஊட்டுக்குப் பெரியவன், தெரிஞ்சு வெச்சுக்கோணும்ல.

பிரவீனா: ஆமாங்க... ஆமாங்க.

வேலுசாமி: சிரிக்காத அம்மிணி. நம்ம ஊட்டுல பன்னிக்கறி அடுப்புல ஏறுனதில்ல. என்ற அய்யன் காலத்துல இருந்தே அப்படித்தான். திங்கோணும்னா தோட்டம். கெணத்து மேட்டுல மூணு கல்லு, அதுக்குன்னு தனிச் சட்டி. ஆம்பளைங்க ஆக்குவோம், அங்கயே தின்னுபோட்டு, குளிச்சுட்டுத்தான் ஊட்டுப் படி ஏறுவோம்.

பிரவீனா: இப்பவும் அடுப்புல ஏறலீங்களே. சமையக்கட்டு அந்தக் கோடியில இருக்குது. இது காரு நிறுத்தற எடம்.

வேலுசாமி: சட்டி?

பிரவீனா: சட்டியும் தொடல. கறி பைக்குள்ள. அண்டாவுல வெறும் தண்ணி.

வேலுசாமி: அண்டா உன்ற அத்தையோட சீர் அண்டா...

பிரவீனா: அதை நீங்கதானுங்க தூக்கியாந்தீங்க!

வேலுசாமி: வேற எதுலயும் பை முங்கலையே! இதுலயும் மெதந்துச்சு. லாரி வீல் நட்டு நாலைக் கட்டித் தொங்க உட்ட பொறவுதான் அடங்குச்சு.

பிரவீனா: நட்டைக் கழுவுனீங்களா?

வேலுசாமி: மூணு தடவை. சோப்புப் போட்டு. இரு... ஒரு டம்ளர் குடு.

பிரவீனா: எதுக்குங்க?

வேலுசாமி: தண்ணியை ருசி பாக்கோணும். பை ஒழுகியிருந்துச்சுன்னா அண்டா தீட்டு. கறி தொட்டுச்சா இல்லையான்னு நாக்கு சொல்லிப்போடும்.

பிரவீனா: வேண்டாமுங்க மாமா... சுடும்... ஐயோ, ஊதிக் குடிச்சே போட்டீங்களா? என்னுங்க? கறி ருசியா?

வேலுசாமி: நட்டு ருசி.

பிரவீனா: நட்டா!

வேலுசாமி: கிரீஸு. கறி இல்ல. சுத்தம். உன்ற அத்தை அண்டா தப்பிச்சுது.

பிரவீனா: அத்தை காலையிலயும் போன் பண்ணுனாங்க. மாமா என்ன பண்றாருன்னாங்க. குளிக்கறாருன்னேன். நேத்துக் கேட்டப்பவும் குளிக்கறாருன்னேன்.

வேலுசாமி: ரெண்டு நாளாவா குளிக்கறேன்?

பிரவீனா: அதைத்தான் அவங்களும் கேட்டாங்க. எனக்கு வேற எதுவும் வாயில வருலீங்க.

வேலுசாமி: சரி, போகட்டும். சுத்தமானவன்னு இருக்கட்டும்.

பிரவீனா: ஏனுங்க மாமா... நீங்கதான் ரெண்டு வருசமா கறியையே உட்டுட்டீங்களே. கருப்பனாருக்கு வேண்டுதல்னு. பொறவு எதுக்கு ஸ்கூட்டர் டிக்கியில ரெண்டு கிலோ?

வேலுசாமி: உனக்காகத்தான். புருசன் போர் போடற ரிக்கு வண்டியோட ஒடிசாவுல கெடக்கறான். புள்ள வாய்க்கு ருசியாத் திங்கட்டுமேன்னு.

பிரவீனா: ரெண்டு கிலோவா... எனக்கு ஒருத்திக்கு?

வேலுசாமி: மீந்தாப் பாப்போம்.

பிரவீனா: கறி நல்லா மெத்துனு ஆகுமா, நாரு நாரா இழுக்குமா, நசுக்குனா நசுங்குமான்னு நேத்து பதினேழு தடவை கேட்டீங்க.

வேலுசாமி: எண்ணுனியா?

பிரவீனா: லேப்புல எண்ணறதுதானுங்க என்ற வேலை. சரி, அந்தச் சாம்பிராணியை அணைச்சுருங்க. நேத்துக் காலையில புடிச்சுப் பொகை. கண்ணு எரியுது.

வேலுசாமி: அணைச்சா வாசம் தெருவுக்குப் போயிரும்.

பிரவீனா: என்ன வாசமுங்க? பையை ஒட்டியாச்சு, வாசமே வராதுன்னு நேத்தே சொன்னனே. மோந்து பாருங்க.

வேலுசாமி: ...வருலதான்.

பிரவீனா: அப்ப எதுக்கு மூணு பாக்கெட்டு பொகைச்சீங்க?

வேலுசாமி: பன்னிக்கறின்னா வாசம் வரும். எழுவது வருசமா வந்துச்சு. இன்னைக்கு வராதுன்னா நான் எப்படி நம்பறது?

சடையன்: அண்ணா... ஏனுங்ணா! உள்ள இருக்கறீங்களா?

வேலுசாமி: சடையன்! அம்மிணி, மூடு!

பிரவீனா: மூடி போட முடியாதுங்க, குச்சி நிக்குது!

வேலுசாமி: துண்டைப் போடு... என்ற துண்டைப் போடு... ஆங். வாடா சடையா! கேட்டு தொறந்துதான் இருக்குது.

சடையன்: பூட்டியிருக்குதுங்ணா.

வேலுசாமி: பூட்டியா இருக்குது? இரு, வாரேன்... நாயி வருமேன்னு போட்டது. வா.

சடையன்: அப்பப்பா, என்ன பொகை! ஊர்ல பேசறது நெசந்தானாட்ட இருக்குது.

வேலுசாமி: என்ன பேசறாங்க? எவன் பேசறான்?

சடையன்: எவனுமில்ல, தெருவே பேசுது. நேத்துப் புடிச்சு உங்க ஊட்டுச் சாம்பிராணி நிக்கல. நீங்க சீர் அண்டாவைத் தூக்கியாந்து தண்ணி ரொப்புனதை எதுத்த ஊட்டுச் சென்னம்மாக்கா பாத்திருக்குது. வேலுசாமியண்ணன் சுத்த சைவம் ஆயிட்டாரு, கதவைச் சாத்திக்கிட்டு விரத பூசை பண்றாருன்னு...

பிரவீனா: விரத பூசையா!

வேலுசாமி: அம்மிணி, என்ன அங்க சத்தம்?

பிரவீனா: இருமலுங்க மாமா... பொகை...

சடையன்: அதுக்காகத்தானுங்ணா ஓடியாந்தேன். நேத்துச் சாயங்காலம் கோயில் கமிட்டி கூடுச்சு. ரெண்டு வருசமாக் கறி தொடாத மனுசன் ஊருக்குள்ள நீங்க ஒருத்தர்தான். கோயில் நோம்பிக்கு மொதக் காப்புக் கயிறு உங்க கையிலதான் கட்டறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க.

வேலுசாமி: ...மொதக் காப்பா?

சடையன்: மொதக் காப்பு.

வேலுசாமி: என்ற அய்யனுக்கு ஒருக்காக் கட்டுனாங்க. நாப்பது வருசம் ஆச்சு. அப்பறம் மேலத்தெருக்காரங்க கைக்குப் போனது திரும்பி வருல...

சடையன்: இப்பத் திரும்புது! பத்து மணிக்குக் கமிட்டி ஜீவானந்தம் கோயில் மைக்குல சொல்லப் போறான். அதுக்கு முந்தி உங்களுக்குப் போன் போடுவான். 'ஆமாப்பா, சைவந்தான்'னு உங்க வாயால ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

வேலுசாமி: அம்மிணி, இன்னும் எவ்வளவு நேரம்?

சடையன்: எதுக்கு எவ்வளவு நேரம்?

வேலுசாமி: பத்து மணிக்கு.

சடையன்: அண்ணா... அதானா அந்தப் பூசைத் தண்ணி? ஒரு சொம்பு குடுங்க, முட்டியில தெளிச்சுக்கறேன். மாடி ஏற முடியறதில்ல.

வேலுசாமி: தொடாத!

சடையன்: ஒரே ஒரு கையிங்ணா...

வேலுசாமி: சுடுதண்ணிடா, தோலு உரிஞ்சுரும்!

சடையன்: துண்டுக்குள்ள என்னமோ உர்ருங்குது.

பிரவீனா: ஹீட்டருங்க சின்ன மாமா. மாமா குளிக்கறதுக்கு.

சடையன்: துண்டு சந்துல வீல் நட்டு தெரியுதே?

வேலுசாமி: ...லாரிக்கும் சேத்துப் பூசை.

சடையன்: லாரியை வித்து ஆறு வருசம் ஆச்சு!

வேலுசாமி: வித்தாலும் நட்டு நம்மளுதுதானே.

பிரவீனா: அய்யோ, பீப் அடிக்குது! வெந்துருச்சு மாமா! வெந்துருச்சு!

சடையன்: என்ன வெந்துருச்சு?

வேலுசாமி: அம்மிணி...

பிரவீனா: வாய் தவறிருச்சுங்க...

சடையன்: துண்டை எடுங்கண்ணா.

வேலுசாமி: சடையா, கேளு...

சடையன்: எடுங்கன்னா! ...அண்ணா, இது பன்னிக்கறி.

வேலுசாமி: ஆமா.

சடையன்: கொழுப்பும் தோலுமா.

வேலுசாமி: ஆமாங்கறேன்ல.

சடையன்: பத்து மணிக்கு மைக்குங்ணா!

வேலுசாமி: தெரியுது, கத்தாத! கத்துனா மைக்கே வேண்டியதில்ல.

சடையன்: ...ஏனுங்ணா, வாசமே வருல?

பிரவீனா: பையை வெட்டுனா வருமுங்க. தள்ளிக்கோங்க சின்ன மாமா. கரண்ட் அடுப்புல தோசைக்கல்லு காயுது. மொளகும் உப்பும் தேச்சு ரெண்டு பக்கமும் செவக்க வெச்சா முடிஞ்சுது.

வேலுசாமி: இரு. கரண்ட் அடுப்பு அடுப்புல சேருமா?

பிரவீனா: நெருப்பு இல்லீங்களே.

வேலுசாமி: கல்லு?

பிரவீனா: புதுசு. இதுக்குன்னே வாங்குனது.

வேலுசாமி: நெருப்பு இல்லாட்டி அடுப்பு இல்ல. வெய்யி.

சடையன்: உங்க ஊட்டுச் சட்டம் நல்லா வளையுதுங்ணா.

வேலுசாமி: ஒடையல பாரு.

பிரவீனா: உஸ்ஸுங்குதா? ஒரே நிமிசம்... இந்தாங்க, சின்ன மாமாவுக்கு மொதத் துண்டு. கத்தியே வேண்டாம், கரண்டி பட்டாப் பிரியுது.

சடையன்: நான் கோயில் வேலையா வந்தவன்... சரி, குடு.

வேலுசாமி: என்னடா? சொல்லித் தொலை!

சடையன்: வாயில வெச்சேனுங்ணா. காணோம்.

வேலுசாமி: காணோமா?

சடையன்: கரைஞ்சு போச்சு. எங்க போச்சுன்னே தெரியல. அம்மிணி, இன்னொண்ணு.

பிரவீனா: அழுகறீங்களா சின்ன மாமா?

சடையன்: மொளகு சாமி, மொளகு.

வேலுசாமி: டேய். நீ மெல்லவே இல்ல.

சடையன்: மென்னனே!

வேலுசாமி: தாடை அசையல. பாத்துக்கிட்டேதான் இருந்தேன். போன தீவாளிக்குக் கெணத்து மேட்டுல ஒரு தட்டு நெறைய வாங்கிக்கிட்டு வாழைமரத்துப் பக்கம் போனியே, அங்க எப்படித் தின்ன?

சடையன்: ...எல்லாரும் தின்னாப்புலதான்.

வேலுசாமி: அன்னைக்கு நம்ம தோட்டத்து நாயி நடக்க மாட்டாமப் படுத்துக்கிச்சு.

சடையன்: நாயி பேச்சு எதுக்குங்ணா இப்ப? நீங்க தின்னுங்க, ஆறுது.

பிரவீனா: மாமாவுக்கு வேண்டுதல் இருக்குதேங்க.

வேலுசாமி: கருப்பனாரு கோவிச்சுக்க மாட்டாரு.

பிரவீனா: எப்படித் தெரியுமுங்க?

வேலுசாமி: தெரியும். குடு.

பிரவீனா: மெதுவா... மாமா?

வேலுசாமி: ...ரெண்டு வருசம் ஆச்சு சாமி. ரெண்டு வருசம்.

சடையன்: அண்ணா சிரிக்கறாரு பாரு! ஊருக்குள்ள யாரும் பாத்ததே இல்ல!

வேலுசாமி: இன்னொண்ணு வெய்யி. கொழுப்போட. அந்தத் தோலையும்... ஆஹா! கெணத்து மேட்டுச் சட்டி இதுக்கிட்ட நிக்காது!

பிரவீனா: போன் அடிக்குதுங்க மாமா. ஜீவானந்தம் அண்ணன்.

சடையன்: வாயைத் தொடைங்க! சைவந்தான்னு ஒரு வார்த்தை. நாங்க ரெண்டு பேரும் சாகறமுட்டும் மூச்சு உட மாட்டோம். மொதக் காப்புங்ணா!

வேலுசாமி: தட்டைக் கீழ வெய்யி சடையா. அம்மிணி, அடிக்கட்டும், இரு. ...அடுப்பு இல்ல, சட்டி இல்ல, தண்ணி தொடலைன்னு நான் பேசுன ஞாயமெல்லாம் என்ற ஊட்டோட. அதை நான் எப்படி வேணும்னாலும் வளைச்சுக்குவேன். காப்பு ஊரோடது. அந்த மஞ்சக் கயிறு கையில கெடக்கறமுட்டும் கை கூசக் கூடாது.

பிரவீனா: அப்ப என்னுங்க சொல்லப் போறீங்க?

வேலுசாமி: உள்ளதை.

சடையன்: மேலத்தெருவுல சிரிப்பாங்க!

வேலுசாமி: சிரிக்கட்டும். வேலுசாமி கறி தின்னான்னு சிரிக்கலாம், பொய் சொன்னான்னு சிரிக்கக் கூடாது.

சடையன்: நல்லா ரோசனை பண்ணிக்குங்க...

வேலுசாமி: போனைக் குடு அம்மிணி. ...ஜீவானந்தம், நாந்தான். நீ பேசாத, நான் சொல்றதை அப்படியே மைக்குல சொல்லு. வேலுசாமி சைவம் ஆகல. எங்க ஊட்டுல பூசை நடக்கல, பன்னிக்கறி வெந்துச்சு, இப்பத்தான் தின்னேன், நல்லா இருந்துச்சு. கருப்பனாருக்கு வேண்டுதலும் கெடையாது. ரெண்டு வருசத்துக்கு முந்தி சேலம் போயிப் பல்லைப் பூராப் புடுங்கிப்போட்டுக் கட்டுப்பல்லு வெச்சுக்கிட்டேன், கறி மெல்ல முடியல, வெளிய சொல்லக் கூச்சம், அதுக்குப் பேருதான் விரதம். காப்பை மேலத்தெருவுக்கே கட்டுங்க. ...யாரு, சடையனா? பக்கத்துலதான் நிக்கறான். அவனுக்கும் பல்லு இல்ல.