ஆறாம் மெஷின் ஸ்டூல்

நெளிந்தபடியே விழாவுக்குத் தலைமை தாங்கும் எங்கள் தையல் ஆலை முதலாளி அவர்களே, அரும்பாடுபட்டு அரங்கம் அமைத்த மேனேஜர் அவர்களே, வெட்டுப் பிரிவின் வேந்தர்களே, பட்டன் பிரிவின் பெரியோர்களே, பெறாவிட்டாலும் பெற்றவளைப் போல என்னைத் தினமும் திட்டும் தாய்மார்களே, வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'அட்ஜஸ்ட்'. தையல்காரிக்கு ஆங்கிலத் தலைப்பா என்று அங்கே யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பள்ளியில் படித்த ஆங்கிலமெல்லாம் போய்விட்டது. இது சோறு போடும் இடத்தில் கற்றது.

ஆங்கிலேயன் இந்தச் சொல்லை எதற்கு வைத்தான்? நூல் இறுகினால் திருகைத் தளர்த்துவதற்கு. தையல் கோணினால் நேராக்குவதற்கு. நாம் எதற்கு வைத்திருக்கிறோம்? மூவர் அமரும் பலகையில் ஐவர் அமர்ந்தால் அட்ஜஸ்ட். மின்விசிறி சுற்றாவிட்டால் அட்ஜஸ்ட். மாப்பிள்ளை வாய் திறந்தாலே வசையென்றால், "நல்ல பையன்தான், நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ." அந்த மாப்பிள்ளையிடம் ஒரு நாளாவது இதைச் சொன்னோமா? கை தட்டுகிறவர்கள் எல்லாம் பெண்கள். கவனித்துக்கொண்டேன்.

எனக்குப் பக்கத்தில், ஆறாம் மெஷினில், ஓர் அக்கா. பதினோரு ஆண்டாக ஒரே மர ஸ்டூல். ஏற்ற முடியாது, இறக்க முடியாது, சாய முடியாது. கழிவுத் துணியைப் பொட்டலமாகக் கட்டி, அதன்மேல் உட்கார்ந்துதான் மெஷினுக்கு எட்டுகிறார். போன மாதம் டாக்டர் முதுகைப் படம் எடுத்துப் பார்த்து, "சேரை மாத்துங்க, இல்லன்னா வேலையை விட்டுடுங்க" என்றார். ஒற்றை ஆளாக இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவர் வேலையை விடுவாரா? மேனேஜரிடம் போனார்.

"சார், ஏத்தி இறக்குற மாதிரி ஒரு சேர் குடுத்தா போதும் சார்."

"எல்லாரும் ஸ்டூல்லதானே தைக்கிறாங்க? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா."

அக்கா திரும்பி வந்து தைத்தார். கண்ணைத் துடைத்துத் துடைத்துத் தைத்தார்.

இன்று காலை மேடைக்கு ஒரு நாற்காலி குறைந்தது. மேனேஜரிடம் கேட்டேன். "இருக்கறத வச்சு அட்ஜஸ்ட் பண்ணுங்கம்மா" என்றார். மேலிடத்து உத்தரவு, மீற முடியுமா? பொட்டலத்தோடு சேர்த்து வெள்ளைத் துணி போர்த்தி, அட்ஜஸ்ட் பண்ணிவிட்டோம்.

முதலாளி அவர்களே, நீங்கள் அமர்ந்திருப்பது ஆறாம் மெஷின் ஸ்டூல். எழ வேண்டாம், இன்னும் மூன்று பேச்சாளர்கள் இருக்கிறார்கள்.

அக்கா அதோ, சுவரோரம் நிற்கிறார். உட்காரச் சொன்னோம், முதுகு விடவில்லை. நாளைக் காலை எட்டு மணிக்கு ஆறாம் மெஷின் முன்னால் ஒரு நல்ல நாற்காலி இருந்தால் அக்கா உட்காருவார். இல்லாவிட்டால் நாங்கள் நாற்பது பேரும் அவரோடு நிற்போம்.

நின்றபடி கேட்ட அக்காவுக்கும், உட்கார்ந்தபடி கேட்ட முதலாளிக்கும் நன்றி. வணக்கம்.