கப்டன் ஆர்னோல்டின் துடுப்பு

மின்சாரம் வர இன்னும் நேரமாகும். விளக்கைச் சற்றுக் குறைத்துவிட்டு நெருங்கி உட்காருங்கள். என் நண்பர் அருளப்புவின் மருமகன் கிளெனுக்கு நடந்தது இது. நரியும் கொக்கும் பேசுகிற கதைகளை உங்களுக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறேன். அவற்றின் முடிவில் ஒரு நீதி இருக்கும். இதில் அதைத் தேடாதீர்கள்.

இரவு பதினொன்றரை மணி. கடலோடு கலக்கும் பெரிய வாவியின் கரையோரமாகப் போகும் மண் பாதை. வீடுகள் முடிந்து சதுப்புநிலக் கண்ணாப் பற்றைகள் தொடங்கும் இடம்... காற்றே இல்லை. சேறும் அழுகிய இலையும் கலந்த வாடை. கிளெனின் செருப்பு மட்டும் சளக்... சளக்... என்றது.

அவனை வளர்த்த அங்கிள், கப்டன் ஆர்னோல்ட், இறந்து இருபத்தொன்பது நாள். போர்க்காலத்தில் காலாட்படை அதிகாரியாக இருந்து வீரப் பதக்கம் பெற்றவர். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் சுற்றி வளைக்கப்பட்ட தம் வீரர்கள் முப்பத்தொரு பேரை ஓர் இரவில் வாவி கடத்த முயன்றார். இருபத்து நான்கு பேர் மீண்டார்கள். மற்ற ஏழு பேரும் கரையிலேயே இறந்துவிட்டதாக எழுதிக் கொடுத்தார். “உயிரோடு ஒருவரையும் கைவிடாமல், கடைசி ஆளாகத் தோணி ஏறினார்” என்று பதக்கத்தோடு வந்த பத்திரம் சொல்லும். முப்பத்தோராம் நாள் பூசையில் கிளென் அதை வாசிக்க வேண்டும்.

அதற்கு முன் கப்டனின் மனைவி டல்சி அன்ட்டி அவனிடம் ஒன்று கேட்டிருந்தாள்.

“நிலவுக் காலத்தில உங்கட அங்கிள் ஒரு நாளும் வீட்டில படுக்கல்ல, மகன். சரீப்பிட தோணியில எங்கயோ போவார். எங்க எண்டு நான் கேட்கல்ல. இப்பவாவது மனிசன் நித்திரையா... அத மட்டும் சரீப்போட போய்ப் பார்த்துச் சொல்லு.”

நிலவு இரவுகளில் மீன் பாடும் என்று பேர்பெற்ற வாவி அது. மீனவர் சரீப் தோணியோடு காத்திருந்தார்.

“அங்கிள் மீன் பாடுறதக் கேக்கத்தானே வந்தவர்?” என்று கிளென் சிரித்தான்.

“மீனா? உங்கட ஊர் மீன் நம்பர் சொல்லுமா, தம்பி?”

நடு வாவியில் சரீப் தோணியை நிறுத்தினார். கப்டனுக்கென்றே ஒரு துடுப்பு இருந்தது. பிடி வழுவழுவென்று தேய்ந்திருந்தது. பாடும் மீனைக் கேட்பவர்கள் செய்வதுபோல, துடுப்பின் அலகை நீரில் இறக்கி, பிடியில் காதை வைத்தான் கிளென்.

முதலில் ஒன்றுமில்லை. குளிர்ந்த மரம்... தன் இரத்தம் ஓடும் இரைச்சல்... பிறகு, வெகு ஆழத்தில், ஓர் ஆண் குரல். சிங்களத்தில், பட்டாளத்து அணிவகுப்பில் சொல்வதுபோல.

இருபத்தைந்து.

வேறொரு குரல். இருபத்தாறு. இன்னொன்று... இளம் குரல்... இருபத்தேழு.

முப்பத்தொன்றில் நின்றது.

“ஏழு பேரும் உசிரோடதான் நிண்டவங்க,” என்றார் சரீப், அவனைப் பாராமலே. “இருட்டில ஆள் தெரிய நம்பர் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க. ‘அவங்கள விட்டுட்டுத் துடுப்பப் போடு எண்டு நான்தான் சொன்னன், சரீப்’ எண்டு கப்டன் ஒருக்கா அழுதார். ஒவ்வொரு நிலவுக்கும் வந்து கேப்பார். ஒரு நம்பராவது குறையுதா எண்டு.”

கிளென் காதை எடுக்கவில்லை. முப்பத்தொன்றுக்குப் பிறகு ஓர் இடைவெளி. பிறகு, அவனுக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கிய அதே குரல், களைத்துப்போய்...

முப்பத்திரண்டு.

மீண்டும் இருபத்தைந்து.

கரை சேர்ந்ததும் சரீப் அந்தத் துடுப்பை அவன் கையில் திணித்தார். “இனி இது என்ட தோணியில வேணாம், தம்பி.” கிளென் அதைக் கொண்டுபோய் வீட்டுச் சமையல் குசினியின் கதவுக்குப் பின்னால் சாத்தினான்.

அன்ட்டி விழித்திருந்தாள். “என்ன மகன்?”

“நித்திரைதான், அன்ட்டி. நல்ல நித்திரை.”

அவள் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டாள். முப்பத்தோராம் நாள் பூசையில் அவன் பத்திரத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் வாசித்தான். கோவிலில் பலர் கண்ணைத் துடைத்தார்கள்.

அன்று இரவு குசினியில் ‘களக்’ என்றொரு சத்தம். கிளென் எழுந்து போனான்.

தண்ணீர் நிறைந்த அண்டாவின் அருகே அன்ட்டி உட்கார்ந்திருந்தாள். துடுப்பின் அலகு அண்டாவுக்குள். பிடி அவள் காதில். குழாய் நீர்தான் அது. ஆனால் குசினி முழுவதும் வாவிச் சேற்றின் வாடை.

“பொய் சொல்லிப்போட்டாய், மகன்,” என்றாள். கோபமே இல்லை. “பாவம், மனிசன் இன்னும் நிக்கிறார்.”

கண்ணை மூடினாள். உதடுகள் ஒவ்வோர் எண்ணாக அசைந்தன. முப்பத்தொன்று... முப்பத்திரண்டு... அதன்பின் நிமிர்ந்து உட்கார்ந்து, அந்த வீட்டில் ஒருநாளும் பேசாத சிங்களத்தில், உரத்த குரலில் சொன்னாள்.

“முப்பத்து மூன்று.”

பிறகு, அடுத்த எண் அவனுடையது என்பதுபோல, துடுப்பின் பிடியை மெதுவாக அவன் பக்கம் திருப்பினாள். அண்டாவில் இருந்த நீர் அசையவில்லை... இருபத்தைந்து என்று எவரும் தொடங்கவுமில்லை.