உள்ளங்கை அகலம்

— இன்னொரு தடவை படி மாப்ளே. அந்த மூணாவது பத்தியை மட்டும்.

— அத்தான், இது உங்க மேல குடுத்த புகார். வாழ்த்து மடல் இல்ல.

— தெரியும். படி.

— "எண்ணூறு மீட்டருக்கு அப்பாலிருந்து ஒரு காரின் முன் கண்ணாடியை ஒரே குண்டில் உடைக்கும் திறமை இந்த வட்டாரத்தில் அவர் ஒருவருக்கே உண்டு." போதுமா?

— "அவர் ஒருவருக்கே." கேட்டியா? பதினொரு வருஷமா அந்தத் துப்பாக்கி கிளப் செக்ரட்டரி வாயிலேருந்து என்னைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை வந்ததில்ல. இப்ப எழுதி, கையெழுத்தும் போட்டு, போலீஸ்ல குடுத்திருக்கான்.

— தம்பி, உன் அத்தான் அந்தத் தாளை நாலு காப்பி எடுத்து வெச்சிருக்கார். ஒண்ணுக்கு லாமினேஷன் வேற.

— அக்கா, நெஜமாவா?

— நான்தானே கடைக்குப் போய் வாங்கிட்டு வந்தேன். நல்லா பளபளன்னு இருக்கு.

— சரி, வரிசையா வருவோம். அத்தான், கொஞ்சம் இங்க பாருங்க. அன்னிக்குக் காலையில செக்ரட்டரி கிளப் வாசல்ல காரை நிறுத்திட்டு, பக்கத்துலயே நின்னு போன் பேசிட்டிருந்தார். கண்ணாடி பொலபொலன்னு கொட்டிச்சு. வெடிச் சத்தம் அதுக்கப்புறம்தான் கேட்டுச்சாம். குண்டு உள்ள ஒரு இரும்புல மோதி நசுங்கிப் போச்சு, எந்தத் துப்பாக்கியோடதுன்னு சொல்ல வழியில்ல. சுட்டதைப் பாத்த ஆளும் இல்ல. அக்கா அப்ப மார்க்கெட்ல. இந்த மேட்டு வீட்டு மாடிலேருந்து கிளப் வாசல் எண்ணூத்தி இருபது மீட்டர். உங்களுக்கும் அவருக்கும் ஆகாது. இதைத் தவிர போலீஸ் கையில இருக்கிற ஒரே ஆதாரம் என்ன தெரியுமா?

— என்ன?

— உங்க வாய். எண்ணூறு மீட்டர்ல அஞ்சு குண்டை உள்ளங்கை அகலத்துக்குள்ள போடுவேன்னு நீங்க சொல்லாத ஆள் இந்த ஊர்ல இல்ல. முடி வெட்றவர்கிட்ட சொல்லியிருக்கீங்க. பல் டாக்டர்கிட்ட வாயில பஞ்சை வெச்சுக்கிட்டே சொல்லியிருக்கீங்க. ரெண்டு பேருமே சாட்சிப் பட்டியல்ல இருக்காங்க.

— பல் டாக்டர் ஞாபகம் வெச்சிருக்காரா? நல்ல மனுஷன்.

— அத்தான், ரெண்டு வருஷம் உள்ள போட்டுடுவாங்க. வெளிய வந்தாலும் இனிமே துப்பாக்கியைத் தொட முடியாது.

— சரி, அதுக்குத்தானே உன்னைக் கூப்பிட்டது. வக்கீல் நீ. என்ன செய்யலாம்னு சொல்லு.

— சொல்றேன், கோவப்படக் கூடாது. மூணு மாசம் முன்னாடி இதே செக்ரட்டரி கிளப் ஹால்ல மாட்டியிருந்த உங்க டார்கெட் தாளைக் கழட்டிட்டார் இல்ல? அன்னிக்கு மீட்டிங் நோட்டுல அவர் கைப்பட எழுதியிருக்கார். சுட்ட இருபதையும் எண்ணாம, ஒண்ணா விழுந்த அஞ்சை மட்டும் பிரேம் போட்டு மாட்டுறது ஏமாத்து வேலையாம். எண்ணூறு மீட்டர்ல உள்ளங்கை அகலம்ங்கிறது இந்த கிளப்ல யாராலயும் ஆகாதாம். அதைத்தான் நான் கோர்ட்ல வாசிக்கப் போறேன்.

— அது வயித்தெரிச்சல்ல எழுதினது. புகார்ல எழுதியிருக்கிறதுதான் உண்மை.

— அந்த உண்மைதான் உங்களை உள்ள தள்ளும். இந்த வயித்தெரிச்சல்தான் வெளிய இழுத்துட்டு வரும். எது வேணும்?

— நான் சுடத் தெரியாதவன்னு சொல்லச் சொல்ற.

— சுடத் தெரியாதவர்னு சொல்லல. எல்லாரையும் மாதிரி சுடறவர்னு சொல்லச் சொல்றேன்.

— அதுக்குச் சுடத் தெரியாதவன்னு சொல்றதே மேல்.

— ஏங்க, தம்பி முழுசா சொல்லி முடிக்கட்டும்.

— ராணுவத்துல துப்பாக்கி பழுது பாத்த ஒருத்தரைப் பிடிச்சேன் அத்தான். உங்களோடது போலீஸ்கிட்ட இருக்கிறதால, அதே மாடல் இன்னொண்ணு, அதே தோட்டா. இரும்புப் பிடியில இறுக்கி வெச்சு, காத்தே இல்லாத விடிகாலையில பத்து குண்டு சுட்டுப் பாத்தார். பத்தும் ஒரு முழத்துக்குப் பரவி விழுந்துச்சு. அது துப்பாக்கியோட புத்தி, இன்னும் மனுஷன் கையே படல. அப்புறம் மூச்சு, படபடப்பு, காத்து. சாதாரணமா நாம நடக்கிற வேகத்துல காத்து குறுக்க வந்தாலே, குண்டு போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டடி ஒதுங்கிடுமாம். எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா, நம்ம மாதிரி ஆளுக்கு இந்தப் பக்கம் நாலடி, அந்தப் பக்கம் நாலடி. அதுக்கு மேல எதிர்பாக்கிறது நியாயமில்லன்னு எழுதிக் குடுத்திருக்கார்.

— இரும்புப் பிடிக்குக் காத்தைப் படிக்கத் தெரியுமா? நான் படிப்பேன். புல்லு சாயறதைப் பாத்தே சொல்லிடுவேன்.

— இங்க மாடிக்குக் கீழ இருக்கிற புல்லு சரி. நடுவுல பள்ளம் ஒண்ணு கிடக்கே, அதுல எந்தக் காத்து அடிக்குதுன்னு எந்தப் புல்லு வந்து சொல்லும்?

— தம்பி, துணி காயப் போடக் கொடி கட்டும்போது காத்து எந்தப் பக்கம்னு இவரைத்தான் கேட்டேன். விரலை எச்சில் பண்ணித் தூக்கிப் பாத்துட்டு, கிழக்கன்னார். மறுநாள் அத்தனை துணியையும் அடுத்த வீட்ல போய்ப் பொறுக்கிட்டு வந்தேன்.

— அது மழைக் காத்து. கணக்குல சேராது.

— அக்கா, போன்ல ஏதோ தாள் இருக்குன்னு சொன்னியே.

— இருக்கு. இந்தா, நேத்தே அலமாரியெல்லாம் காலி பண்ணி எடுத்து வெச்சேன். அறுபத்தி மூணு டார்கெட் தாள்.

— என்ன இது? ஏய், இதையெல்லாம் கிழிச்சுப் போடச் சொன்னேனே.

— சொன்னீங்க. நல்ல கெட்டித் தாள், எதுக்கு வீணாக்கணும்? பதினொரு வருஷமா சமையல்கட்டுத் தட்டு அத்தனையிலயும் இதுதான் விரிச்சிருக்கேன். சர்க்கரை டப்பாவை எடுக்கும்போதெல்லாம் ஓட்டையைப் பாப்பேன். ஒண்ணு மேல மூலையில, ஒண்ணு ஓரத்துல. சிலதுல தேடித்தான் பாக்கணும்.

— எண்ணெய்க் கறை பட்டிருக்கு, பரவாயில்ல. தேதி, தூரம் எல்லாம் அத்தான் கையெழுத்து. அக்கா, இதுக்கு மேல என்ன வேணும். ஹால்ல மாட்டின அந்த அஞ்சு குண்டுத் தாள் மட்டும் எப்படி அத்தனை சின்னது? மத்ததெல்லாம் பாய் அகலம் இருக்கே.

— என் தையல் கத்தரிக்கோலை வாங்கிட்டு மாடிக்குப் போனார். மீதியை அடுப்புல போட்டுட்டார்.

— அத்தான்?

— அந்த அஞ்சும் நான் சுட்டது மாப்ளே. யாரும் வந்து குத்தி வெச்ச ஓட்டை இல்ல. அதுல பொய் எங்க இருக்கு?

— மீதி பதினஞ்சும் நீங்கதானே சுட்டீங்க.

— முப்பது வருஷம் ஆபீஸ்ல தபால் பதியற சீட்டுல உக்காந்தேன். வர்ற தபால், போற தபால். ரிட்டயர் ஆன அன்னிக்கு மேலதிகாரி என் பேரைத் தப்பாச் சொல்லி மாலை போட்டார். அந்தத் தாளை ஹால்ல மாட்டின அன்னிக்கு எட்டு பேர் எழுந்து வந்து கை குடுத்தாங்க. அதுல ரெண்டு பேர் என்னை விடச் சின்னவங்க, ஐயான்னு கூப்பிட்டாங்க. அதையும் இப்ப திருப்பிக் குடுக்கணுமா?

— நானும்தான் அன்னிக்குக் கை தட்டினேன். கத்தரிக்கோல் என்னோடதுன்னு தெரிஞ்சேதான் தட்டினேன். இத்தனை வருஷத்துல ஒருத்தர்கிட்ட வாயைத் திறந்திருப்பேனா? ஆனா உங்களை உள்ள அனுப்பிட்டு இந்த வீட்ல ஒத்தையா உக்காந்திருக்க என்னால ஆகாதுங்க. கையெழுத்து போட்டுடுங்க.

— படி மாப்ளே. என்ன எழுதியிருக்க?

— "எண்ணூறு மீட்டர் தூரத்தில் நான் குறி வைக்கும் இடத்தில் குண்டு படும் என்று என்னால் சொல்ல முடியாது. நான்கடி இப்படியும் அப்படியும் விலகும். இதற்கு மாறாக நான் பலரிடம் பேசியதெல்லாம் வெறும் பெருமை."

— "வெறும்" வேண்டாமே.

— சரி, அடிச்சுடறேன். "பெருமை."

— காத்து இல்லாத நாள்ல கொஞ்சம் பரவாயில்லன்னு ஒரு வரி சேக்கலாமா?

— வேணாம் அத்தான்.

— குடு பேனாவை.

— இங்க ஒண்ணு. அடுத்த பக்கத்துல ஒண்ணு. அவ்வளவுதான். இந்தத் தாளும் அக்காவோட அலமாரியும் போதும். அந்தக் காரைக் குறி வெச்சு அடிச்சீங்கன்னு இனிமே ஒருத்தன் நிரூபிக்க முடியாது. நீங்களா சுட்டீங்கன்னு நான் உங்களைக் கேக்கவே இல்ல பாருங்க. கேக்க வேண்டிய தேவையே வரல.

— இதுல கேக்க என்ன இருக்கு? போலீஸ் வந்த அன்னிக்கே நான் சொன்னேன் தம்பி. இவர் சுட்டிருந்தா அந்தக் கண்ணாடி இன்னிக்கும் முழுசா இருந்திருக்கும். ஏங்க, எல்லாம் முடிஞ்சுது, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதீங்க. இருங்க, டீ போடறேன்.

— மூஞ்சியை ஒண்ணும் தூக்கி வெச்சுக்கல. மாப்ளே எழுதினது சரிதான்னு யோசிச்சிட்டிருக்கேன். நாலடின்னு போட்டான் பாரு, மனசுக்குள்ள அளந்து பாத்தா கிட்டத்தட்ட அதேதான் வருது.

— எது அத்தான் நாலடி?

— செக்ரட்டரி நின்னுட்டிருந்த இடத்துக்கும் அந்தக் கண்ணாடிக்கும்.

— என்னங்க சொல்றீங்க?

— காரை யாரு குறி வெச்சா? அவன் தலையில இருந்த தொப்பியை மட்டும் தட்டி விடலாம்னு பாத்தேன், ஒரு முடி கலையாம.