ராக்கன் வீட்டுக்கு வழி

யாரு, ராக்கன் வீடா? நல்லாக் கேட்டீங்க போங்க. இந்த ஊர்ல அந்தப் பேரச் சொல்லி வழி கேட்டா எவன் வாயத் தொறப்பான்? டீக்கடையிலயும் கேட்டிருப்பீங்களே. அவன் கெளாசக் கழுவிக்கிட்டே, அந்தா அந்தப் பலா மரத்து வீட்டுல பிச்சையம்மான்னு ஒரு பொம்பள இருக்கும், அதுக்கிட்டக் கேளுங்கன்னு கையக் காட்டியிருப்பான். தெரியும் சார். எட்டு வருசமா அவனத் தேடி வர்ற ஆள எல்லாம் இங்கிட்டுத்தான் தள்ளி விடுறானுக, போஸ்ட்மேன் உட்பட. நான் அவன் அக்கா. கூடப் பொறந்த பாவத்துக்கு நான் வழி சொல்லணும்.

ஒக்காருங்க. அந்தச் சேர்ல வேணாம், கால் ஒடஞ்சது. இந்தக் கட்டில்ல ஒக்காருங்க. மோர் தாரேன். வேணாமா? கம்பெனி ஆளுன்னு தெரிஞ்சும் ஒருத்தி மோர் தாரேங்கிறா, வேணாங்கிறீங்களே. சட்டையில தச்சிருக்கிற படத்தப் பாத்த ஒடனே தெரிஞ்சிருச்சு. அதே படம் போட்ட ஜீப்ப ரோட்டுல படுத்து மறிச்சவ நான். டிரைவர் ஆரன அடிச்சுக்கிட்டே இருந்தான். அடிடா, ஒங்கப்பன் வந்தாலும் எந்திரிக்க மாட்டேன்னு படுத்துக் கெடந்தேன். குடிங்க, விசமெல்லாம் ஒன்னும் கலக்கல.

ம்ம். அந்தக் கேஸ் கெணத்த மூட வந்திருக்கீங்க. சிமெண்டப் போட்டு அடைச்சு, கம்பி வேலியப் பிரிச்சு, நெலத்த நெலக்காரன்கிட்ட ஒப்படைக்கணும். அதுக்கு அவன் கையெழுத்து வேணும். சாயங்காலம் நாலு மணிக்குக் கோயில் பொட்டல்ல தாசில்தார் முன்னாடி போடணும். தெரியும் தெரியும், நேத்தே ஆட்டோவுல மைக் கட்டிக் கத்திட்டுப் போனாங்க. மூடப் போறீங்களாம்ல, ரொம்பச் சந்தோசம். தோண்டயில எங்களுக்குச் சொன்னீங்களா? சொன்னீங்க, சொன்னீங்க. எப்புடிச் சொன்னீங்கங்கிறத அப்பறம் சொல்றேன்.

மொதல்ல இந்த ஊரப் பத்திக் கேளுங்க. ஊரா இது? தேளுக் கூட்டம். எட்டு வருசத்துக்கு முன்னாடி, கெணறு வேணாம்னு பந்தலப் போட்டு நூறு நாளுக்கு மேல ஒக்காந்தோம். கடலை அறுப்பு கெடந்துச்சு, மல்லியப்பூ செடியிலயே கருகுச்சு, ஒரு பய கண்டுக்கல. பொங்கிப் போட்டது பொம்பளைக. போலீஸ்கிட்ட இழுபட்டது பொம்பளைக. மைக்கப் புடிக்கிறதுக்கு மட்டும் ஆம்பளைக வரிசையில நின்னானுக. நான் விடுவேனா? புடுங்கிப் பேசுனேன். டிவிக்காரன் மூஞ்சிக்கு நேரா நீட்டுறான், ஏம்மா, ஒங்க தம்பிதானே நெலத்தக் குடுத்ததுன்னு கேக்குறான். கூடப் பொறந்தவனா இருந்தாலும் மண்ணக் குடுத்தவன் எனக்குத் தம்பி இல்லன்னேன். ஊரே கையத் தட்டுச்சு. இன்னமும் அத போன்ல வச்சுப் பாக்குறானுக. கறம்பக்குடி சந்தையில ஒருத்தன் என்னையப் பாத்து, நீங்கதானே அந்த வீராங்கனைன்னான். தக்காளியக் கீழ போட்டுட்டு வந்துட்டேன்.

எதுக்கா? கோவந்தான். எனக்கு எல்லாத்துக்கும் கோவம் வரும் சார். எங்க வீட்டுக்காரரு இருக்கயிலயே அப்புடித்தான்.

அந்த நெலம் எங்கப்பா ராக்கனுக்கு எழுதி வச்ச ஒன்றரை ஏக்கர். பட்டா அவன் பேர்ல. அதை ஒட்டிக் கெழக்க எனக்கு முக்கால் ஏக்கர் குடுத்தாரு. ரெண்டும் மானம் பாத்த பூமி. சுத்தி எங்கிட்டுப் பாத்தாலும் தைல மரத்த நட்டு, இருந்த தண்ணியையும் உறிஞ்ச விட்டாச்சு. நானூறு அடி போர் போட்டோம், புழுதி வந்துச்சு. அறநூறு போட்டோம், அதுலயும் புழுதிதான். பக்கத்துக் கொல்லையில எண்ணூறு போட்டான், பாறத்தூளு வெள்ளையா மாவு மாதிரி பறந்துச்சு. அந்த நேரத்துலதான் ஒங்க ஆளுக வந்தாங்க. பதினேழு வருசம் இருக்கும். முழுக்கைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, பேச்சு அம்புட்டு மரியாத. மறைக்கல சார், பொய் சொல்லக் கூடாது. பூமிக்கடியில கேஸ் இருக்கான்னு பாக்கப் போறோம்னுதான் சொன்னான். ஆறாயிரம் அடி எறங்குவோம்னான்.

ஆறாயிரம் அடி! கேக்குறவ காதுல என்ன விழுகும்? எண்ணூறு அடிக்கு நாக்குத் தள்ளிக் கெடக்குற ஊருக்கு வந்து ஆறாயிரம்னு சொன்னா? இந்தக் கிறுக்குப் பய ராக்கன் என்ன நெனச்சிருப்பான்? கேஸ் கெடக்கு கேஸு, அம்புட்டு ஆழம் போறவன் நடுவுல தண்ணியத் தாண்டாமயா போவான்னு நெனச்சிருப்பான். அவன் கேஸ எடுத்துக்கிட்டுப் போகட்டும், தண்ணி நமக்குன்னு கணக்குப் போட்டிருப்பான். காசுக்கு ஆசப்பட்டுக் குடுத்தான்னு ஊரு சொல்லுச்சு. காசாம் காசு. தண்ணி சார், தண்ணி. அந்த முழுக்கைச் சட்டைக்காரன்கிட்டக் கேக்கவும் கேட்டாச்சு, ஊத்துத் தட்டுச்சுன்னா எங்களுக்குத்தானேன்னு. அவன் சிரிச்சான். வந்தா நல்லா எடுத்துக்கங்கம்மான்னான்.

என்ன பாக்குறீங்க? மோரக் குடிங்க.

அப்பறம் என்ன, ராட்சச மிசினு வந்துச்சு. மூணு மாசம் பூமி அதிர்ந்துச்சு, வீட்டுல பாத்திரமெல்லாம் அதுவா ஆடுச்சு. போகயில கழுத்தளவுக்கு ஒரு இரும்புக் கொழாய நட்டு, பூட்டுப் போட்டு, சுத்தி வேலி கட்டிட்டுப் போயிட்டாங்க. பக்கத்துலயே பெரிய குழி. கறுப்பா எண்ணெய்ச் சேறு. என் ஆடு ஒன்னு எறங்கி, மொழங்கால் வரைக்கும் மயிரு கொட்டி வந்துச்சு. தண்ணி ஒரு சொட்டுக் காணோம். அது பாட்டுக்குக் கெடந்துச்சு. ஊருக்கு அது மேய்ச்சல் பக்கம் நிக்கிற ஒரு கொழாய், அம்புட்டுத்தான். எட்டு வருசத்துக்கு முன்னாடி, ஊரு பூராம் இனிமே தோண்டப் போறாங்கன்னு சேதி வந்துச்சு பாருங்க, அன்னைக்குத்தான் எல்லாப் பயலுக்கும் அந்தக் கொழாய் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு.

பொட்டல்ல ஊர்க்கூட்டம். ஊருக்குத் தலைவரு, அம்பலகாரரு ரெங்கசாமி நடுவுல நின்னுக்கிட்டு, மொதக் கெணறு எவன் நெலத்துல இருக்கு, எவன் வழி விட்டதுன்னாரு. நான் பொம்பளைக பக்கம் ஒக்காந்திருக்கேன். என் மக திலகவதிய அவரு மகன் எழிலரசனுக்குத்தான் பேசியிருந்துச்சு. பாக்கு மாத்தியாச்சு, கல்யாணத்துக்குப் பதிமூணு நாள் இருக்கு. ராக்கன் ஒரு தரம் என்னையத் திரும்பிப் பாத்தான். பாத்துட்டு எந்திரிச்சு நின்னான். நாந்தான் குடுத்தேன்னான். அம்புட்டுத்தான் பேசுனான்.

கட்டுப்பாடு போட்டுட்டாங்க. அவன் வீட்டோட ஆரும் பேசக் கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது, வரக் கூடாது. சட்டப்படி தப்பா? எங்களுக்கும் தெரியும் சார். தப்புன்னு தெரிஞ்சா நிப்பாட்டுற ஊரா இது? முடி வெட்ட அவன் ஆலங்குடிக்குப் போறான். அவன் மக காவ்யா பள்ளிக்கொடத்துல ஒத்தையா ஒக்காந்து சோறு திங்கும். அது பெரிய மனுசி ஆனப்ப, அத்தைக்காரி நான் தண்ணி ஊத்தணும். போகல.

அதுகூடப் பரவால்ல. எங்க வீட்டுக்காரரு நாகராசு, கொரோனா வந்துச்சுல்ல, அதுக்கு மறு வருசம் நெஞ்ச வலிக்குதுன்னு படுத்தவரு எந்திரிக்கல. தாலிய எறக்குறவளுக்குப் பொறந்த வீட்டுக் கோடி வரணும் சார். கூடப் பொறந்தவன் சேலை கொண்டாந்து மேல போர்த்தணும். ராக்கன் ஆலங்குடிக் கடையில எடுத்துக் கொண்டாந்தான். ஊரு எல்லையில இலுப்ப மரம் இருக்கு, அங்கயே எளவட்டப் பயலுக மறிச்சுட்டானுக. ஒருத்தன் ஓடியாந்து, பெரியாத்தா, ராக்கன் வந்து நிக்கிறாரு, விடவா வேணாமான்னு என்னையக் கேக்குறான். நான் தலைய ஆட்டுனாப் போதும். ஊரே என்னையப் பாக்குது. மகளோட மாமனாரும் பாக்குறாரு. நான் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டேன். எங்க சித்தப்பா மகன் ஞானமணி கடையில ஒரு சேலைய எடுத்தாந்து போட்டான். ராக்கன் அவன் கோடிய இலுப்பக் கொப்புல வச்சுட்டுப் போயிட்டான். மூணாம் நாள் யாரும் பாக்காம நான் போயி எடுத்துக்கிட்டு வந்தேன். இன்னும் அந்தா பொட்டிக்குள்ள இருக்கு, மடிப்புக் கலையாம.

நான் ஒன்னும் அழுகல. அடுப்புப் புகை.

இப்ப அந்தக் காவ்யாவுக்குக் கல்யாணம். அடுத்த மாசம். மீமிசல் பக்கம் நல்ல எடம். ராக்கனும் அவன் பொண்டாட்டியும் தட்டுல வெத்தல பாக்க வச்சுக்கிட்டு வீடு வீடா வந்தாங்க. ஒரு வீட்டுலயும் கதவத் தொறக்கல. மாப்ள வீட்டுக்காரங்க, என்னங்க ஒங்க ஊர்ல ஒருத்தர்கூட வர மாட்டாங்களாமே, என்ன குத்தம் பண்ணுனீங்கன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்களாம். அப்புடியே நின்னு போனாலும் போகும். என் வாசல்லயும் வச்சுட்டுப் போனான். கதவிடுக்குல பாத்துக்கிட்டு நின்னேன். முடியெல்லாம் நரைச்சுப் போச்சு சார் அவனுக்கு. என்னைய விட ஆறு வயசு சின்னவன்.

அவன் மேலதான் எனக்கு ஆத்தரம். வெட்டிப் போடலாம்னு ஆத்தரம். வாயத் தொறந்திருக்கலாம்ல? எட்டு வருசத்துல ஒரு நாளாச்சும், குடிச்சுட்டாச்சும், ஒளறியிருக்கலாம்ல? நான் மைக்கப் புடிச்சு அவன வண்ட வண்டயாத் திட்டுனப்ப, பந்தலுக்கு வெளிய சைக்கிளப் புடிச்சுக்கிட்டு நின்னு கேட்டான். கேட்டுட்டுப் போனான். இப்புடி ஒருத்தன் நல்லவனா இருந்தா மத்தவ எங்கிட்டுப் போயி முட்டிக்கிறது?

என்ன, பைல்ல அவனுக்குச் சவுதி விலாசம் போட்டிருக்கா? ஆமா, சவுதியிலதான் இருந்தான் அப்ப. கெணறு தோண்டயில அவன் ஊர்லயே இல்ல. ஏசி மெக்கானிக்கு. நாலு வருசம் கழிச்சுத்தான் வந்தான். அவன் எப்புடிக் கையெழுத்துப் போட்டான்னு இப்பத்தான் கேக்கத் தோணுதா ஒங்களுக்கு? படிச்ச ஆளு, பைல மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க. ஊர்ல ஒரு பயலுக்கும் தோணல, அது வேற. அவன் சொன்னான், இவனுக நம்பிட்டானுக.

பிரிங்க. கடேசியில பாருங்க. பவர் பத்திரம் ஒன்னு குத்தியிருக்கும். சவுதிக்குப் போகயில, அக்கா, நெலத்த நீ பாத்துக்கன்னு ஆலங்குடி ரிஜிஸ்டர் ஆபீசுல வச்சு எழுதிக் குடுத்துட்டுப் போனது. இருக்கா? அதுல ஒரு பொம்பள போட்டா இருக்கும், மூக்குத்தியோட. அப்ப கொஞ்சம் சதப்பிடிப்பா இருந்தேன். ஒப்பந்தத்துல போட்டிருக்கிற கையெழுத்தும் என்னதுதான் சார்.

போன்லகூட அவனக் கேக்கல. தண்ணி வந்ததும் சொல்லுவோம், தம்பி சந்தோசப்படுவான்னு இருந்தேன். ஊருக்கு வந்து வேலியப் பாத்தான். நடந்ததச் சொன்னேன். தண்ணி வந்துச்சாக்கான்னு கேட்டான். இல்லடான்னேன். சரி விடுக்கான்னான். அதோட சரி.

இருங்க, எதுக்குப் பேனாவ எடுக்குறீங்க? இங்க வச்சுப் போட மாட்டேன். நாலு மணிக்குப் பொட்டல்ல, ஊரு முன்னாடி, அந்த மைக்க வாங்கிச் சொல்லிட்டுப் போடுறேன். பழைய கையெழுத்தோட ஒத்துப் போகணுமா? போகும் போகும். திலகவதிய என்ன செஞ்சிருவாங்க? ரெண்டு புள்ள பெத்தாச்சு. அனுப்பி வச்சாங்கன்னா வரட்டும், சோறு போடுறேன்.

ஆனா அதுக்கு முந்தி அவன்கிட்டச் சொல்லணும் சார். இல்லைன்னா அந்தக் கிறுக்கன் கூட்டத்துல எந்திரிச்சு, அக்கா பொய் சொல்லுது, நாந்தான் போட்டேம்பான். செய்வான். எந்திரிங்க. செத்த இருங்க, பொட்டியத் தொறந்து அந்தச் சேலைய எடுத்துக்கிட்டு வாரேன், இன்னைக்காச்சும் அவன் கையால போர்த்தட்டும்.

இங்கிட்டு இல்ல, இந்த வரப்பு மேல போனா கிட்ட. அந்தா தெரியுது பாருங்க ஓட்டு வீடு, அதான். நீங்க முன்னாடி போங்க சார். அவன் வீட்டு நாய் அவுத்துத்தான் கெடக்கும். அதுக்கு என்னையத் தெரியாது.