இன்றைய திட்டு

செஞ்சியிலிருந்து வல்லம் போகும் டவுன் பஸ் காலையில் தாமதமாகத்தான் கிளம்பியது. நான் டிரைவருக்குப் பின்சீட்டில் இருந்தேன்.

"இன்னிக்கு லேட்டுக்கு திட்டு நீ வாங்கிக்கண்ணா," என்றார் கண்டக்டர்.

"காலைல உன் முறையாச்சேப்பா," என்றார் டிரைவர்.

"எங்க நைனா ஆஸ்பத்திரில கிடக்குது. சிரிச்சிக்கினு நிக்க என்னால முடியாது."

"சரி, யார் கேட்டாலும் என்னைக் கை காட்டு."

அடுத்த நிறுத்தத்தில் கூடையோடு ஏறிய பெண், "இன்னாப்பா, இவ்ளோ லேட்டு?" என்று ஆரம்பித்தார். கண்டக்டர் டிரைவரைக் காட்டினார்.

"என்மேலதாம்மா தப்பு," என்றார் டிரைவர், திரும்பாமலே.

அந்தப் பெண் கண்டக்டரையே பார்த்தார். "மூஞ்சி ஏன் இப்படி இருக்குது? சாப்டியா?"

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்ததும் முன்னால் வந்து டிரைவரிடம் சொன்னார்:

"அந்தம்மா திட்டியிருந்தாலே தேவலண்ணா."